சாலையோரம் இறந்து கிடக்கும் வளர்ப்புப் பிராணி: செட்டிநாட்டுப் பக்கம் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது

காரைக்குடி–தேவகோட்டை சாலையிலோ பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமோ விடிகாலையில் வண்டியில் போகிறீர்கள். ஓரத்தில் ஒரு நாய் கிடக்கிறது. கழுத்தில் பெல்ட் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கடந்து போய்விடுவார்கள். மனசு கேட்காத சிலர் இறங்கி, குச்சியால் தள்ளிக் கருவேலங்காட்டுக்குள் போட்டுவிட்டுப் போவார்கள். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: அதை வளர்த்த வீட்டுக்குத் தகவல் போவதில்லை. அந்த வீட்டில் வாரக்கணக்கில் வாசலில் சோறு வைத்துக் காத்திருப்பார்கள். பிள்ளைகள் சாயங்காலம் தெருத்தெருவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.

ஆகவே உடலை அப்புறப்படுத்துவதை விடப் பெரிய வேலை, அது யாருடையது என்று கண்டுபிடித்துச் சொல்வது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த நோக்கத்தை வைத்தே எழுதப்பட்டது. நாய், பூனை இரண்டுக்கும் பொருந்தும். ஆடு மாடு என்றால் எங்கே வேறுபடும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

முதலில் உங்கள் பாதுகாப்பு

இறந்த நாயை எடுக்கப் போய் மனிதர் அடிபடுவது நடக்கிற விஷயம். வண்டியை உடலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தாதீர்கள். குறைந்தது 50 அடி தள்ளி, தார் ரோட்டை விட்டு முழுவதும் இறக்கி நிறுத்தி, நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். இரவானால் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணைக் கூசாதபடி டிம் செய்யுங்கள். தனியாகப் போகாமல் ஒருவர் டார்ச்சோடு வண்டி வருவதைப் பார்க்க, ஒருவர் குனிந்து வேலை செய்வதுதான் முறை. குனிந்திருப்பவருக்கு வண்டிச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது.

திருச்சி–இராமேஸ்வரம் நெடுஞ்சாலையில், நடுத்தடத்தில் உடல் கிடந்தால் நீங்களே ஓடிப் போய் இழுக்க வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொன்னால் இடம் உடனே புரியும். இருட்டில் ஒரு மாடு கிடந்தால் அடுத்து வரும் பைக்காரர் உயிருக்கே ஆபத்து. அப்போது 112-க்கும் சொல்லிவிடுங்கள்.

உயிர் போய்விட்டதா?

இந்தக் கேள்வியை அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது. வண்டி இடித்து அதிர்ச்சியில் கிடக்கும் நாய் அசையாது, கூப்பிட்டால் திரும்பாது. மூச்சு அவ்வளவு லேசாக இருக்கும். பூனை இன்னும் ஏமாற்றும்.

தலைப்பக்கம் போகாமல் முதுகுப்பக்கமாக நெருங்குங்கள். வலியில் இருக்கும் நாய், வளர்த்தவரையே கடிக்கும். முதலில் தொடாமல் நெஞ்சையும் விலாவையும் ஒரு நிமிடம் முழுக்கப் பாருங்கள். கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம். மூக்கருகே செல்போன் திரையைப் பிடித்தால் மூச்சு இருக்கும்போது ஆவி படியும். நல்ல வெயிலில் சூடான திரையில் ஆவி படியாது என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம். பிறகு கையுறை போட்டு, இடது முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னால் விலாவில் விரல்களை வையுங்கள். இதயத் துடிப்பு அங்கேதான் தெரியும். பின்னந்தொடையின் உட்பக்கத்தில் நாடி பார்க்கலாம். ஒரு நீளமான புல்தண்டால் கண்ணோரத்தை மெல்லத் தொட்டால், உயிருள்ளது இமைக்கும் அல்லது இமை துடிக்கும்.

உடம்பு சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து முடிவு செய்யும் பழக்கம் நம் ஊருக்கு உதவாது. நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். சித்திரை வைகாசியில் வெளி வெப்பமே அந்த அளவுக்கு வந்துவிடும். இறந்து நாலு மணி நேரம் ஆனாலும் உடல் சூடாகவே இருக்கும். விறைப்பைத்தான் பார்க்க வேண்டும். இறந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடையும் கழுத்தும் விறைக்கத் தொடங்கும், பிறகு கால்கள். ஒரு நாள் பொழுதில் மறுபடி தளர்ந்துவிடும், கோடையில் அதற்கும் முன்பே. ஈ முட்டை அரிசிக் குருணை போல வாயோரத்திலும் கண்ணிலும் ஒட்டியிருந்தால் சில மணி நேரம் ஆகியிருக்கலாம். புழு நெளிந்தால் ஏறக்குறைய ஒரு நாள். இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். "எப்போ நடந்துச்சு?" என்பது வளர்த்தவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று.

உயிர் இருக்கிறது என்று தெரிந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 1962-ஐ அழையுங்கள்; கால்நடைகளுக்கான அவசர ஊர்தி எண் அது. ஊர்தி வரத் தாமதமானால் ஒரு பலகையிலோ கெட்டியான சாக்கிலோ உடம்பு வளையாமல் நகர்த்தி, பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நினைவில்லாத பிராணிக்கு அது நுரையீரலுக்குள் போகும்.

பெட்டையா என்று பாருங்கள்

பெட்டை நாயோ பூனையோ என்றால் முலைக்காம்புகளைப் பாருங்கள். நீண்டு, சுற்றிலும் முடி உதிர்ந்து, அழுத்தினால் பால் வந்தால் எங்கோ குட்டிகள் பசியோடு கிடக்கின்றன. சாலையின் இரு பக்கமும் நூறு மீட்டர் வரை தேடுங்கள்: பாலத்தின் அடிக்குழாய், வைக்கோல் போர், கருவேலம்புதர், பூட்டிக் கிடக்கும் வீட்டின் திண்ணை. சத்தம் போடாமல் ஐந்து நிமிடம் நின்றால் முனகல் கேட்கும். வீட்டு நாய் என்றால் குட்டிகள் வீட்டிலேயே இருக்கலாம். அப்படியானால் உரியவரைக் கண்டுபிடிப்பது மணிக்கணக்கில் முடிக்க வேண்டிய வேலையாகிவிடும்.

தொடும் முன்

வெறிநோய்க் கிருமி எச்சிலிலும் மூளையிலும் இருக்கும், உயிர் போன பிறகும் சிறிது காலம் இருக்கும். வெறுங்கையால் வாயைத் திறந்து பார்ப்பது, தலையைத் தூக்குவது கூடாது. கையில் கீறல் இருந்தால் கையுறைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவரையும் மாட்டுங்கள். கையுறையே இல்லையா? இரண்டு கெட்டியான கேரி பேக் போதும். எச்சிலோ ரத்தமோ உங்கள் புண்ணில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளை 0 என்று கொண்டு 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் புண்ணில் வைக்காதீர்கள்.

நாயின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி வரலாம். செருப்பில்லாமல் நிற்கக் கூடாது. உடல் குளிரும்போது உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் இறங்கி அடுத்த சூடான உடம்பைத் தேடும். அது நீங்கள்தான்.

அடிபட்ட காயமே இல்லை, வாயில் நுரை, வாந்தி, கால்கள் விறைத்து நீட்டியபடி, பக்கத்திலேயே காக்கையோ இன்னொரு நாயோ செத்துக் கிடக்கிறது என்றால் அது விபத்து இல்லை, விஷமாக இருக்கலாம். எதையும் நகர்த்தாமல் காவல் நிலையத்துக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லுங்கள்.

கிடப்பது மயில், புனுகுப்பூனை, கீரி, மான் என்றால் அது வேறு கணக்கு. எடுத்துப் போவதே வனவிலங்குச் சட்டப்படி குற்றமாகிவிடும். வனத்துறைக்குச் சொல்லி, வரும்வரை காத்திருக்க வேண்டும்.

நகர்த்தும் முன் படம்

உடல் கிடந்த நிலையில், பின்னணியில் ஒரு கடைப் பலகையோ கிலோமீட்டர் கல்லோ தெரிய ஒரு படம். பிறகு இடப்பக்கம், வலப்பக்கம், முகம், நெஞ்சு, வால் நுனி, நான்கு பாதங்கள், காதுகளின் உட்பக்கம். வால் நுனி வெள்ளை, ஒரு பாதத்தில் மட்டும் சாக்ஸ் போட்டது போல் நிறம், பழைய தழும்பு: வளர்த்தவர் இவற்றை வைத்துத்தான் அடையாளம் சொல்வார். "பிரவுன் கலர் நாய்" என்று சொன்னால் ஒரு தெருவுக்கு நாலு இருக்கும்.

முகம் சிதைந்திருந்தால் அதை ஒரு துணியால் மூடி, உடம்பு மட்டும் தெரிய இன்னொரு படம் தனியாக எடுத்து வையுங்கள். வீட்டாருக்கு முதலில் காட்ட வேண்டியது அதுதான். செல்போனில் லொகேஷனைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

யாருடையது? அடையாளங்களைப் படிப்பது

பெல்ட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள். பலர் பேனாவால் போன் நம்பரை உள்ளே எழுதியிருப்பார்கள். அழுக்கு ஏறி மறைந்திருக்கும், ஈரத்துணியால் துடைத்தால் தெரியும். உள்ளாட்சியின் உரிம வில்லையோ தடுப்பூசி வில்லையோ தொங்கினால் அதிலுள்ள எண்ணைப் படம் எடுங்கள். பெல்ட் இல்லாவிட்டாலும் கழுத்து முடி ஒரு வளையமாகத் தேய்ந்திருந்தால் அது கட்டி வளர்த்த நாய். நகம் வெட்டியிருப்பது, சோப்பு வாசனை, சீவிய முடி எல்லாமே சாட்சி.

காதில் சிறு வெட்டு இருந்தால் கருத்தடை செய்யப்பட்ட நாய். பெரும்பாலும் தெரு நாய். ஆனால் தெரு நாய்க்கும் சோறு போட்டு வளர்த்தவர் உண்டு. டீக்கடை வாசலில் பத்து வருஷம் படுத்திருந்த நாயைத் தேடி அழுபவர் இருக்கிறார். அதனால் "தெரு நாய்தானே" என்று நிறுத்திவிட வேண்டாம்.

மைக்ரோசிப் பற்றி இங்கே பலருக்குத் தெரியாததால் சற்று விரிவாக. அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குழல், தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் வைக்கப்படுவது. அதற்கு பேட்டரி இல்லை. ஸ்கேனர் அனுப்பும் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு 15 இலக்க எண்ணைத் திருப்பி அனுப்பும். ஆகவே பிராணி இறந்த பிறகும், நாட்கள் கழிந்தாலும் படிக்கும். தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எல்லா மருந்தகத்திலும் ஸ்கேனர் இருக்காது, போகும் முன் போனில் கேட்டுவிடுங்கள். ஸ்கேனரைத் தோலோடு ஒட்டி, மெதுவாக, தோளில் ஆரம்பித்து கழுத்து, இரு முன்னங்கால்கள், நெஞ்சு வரை நகர்த்த வேண்டும். வருஷக்கணக்கில் சிப் சரிந்து முழங்கை வரைக்கும் போயிருக்கும். தோளில் மட்டும் ஒரு தடவை வீசிவிட்டு "இல்லை" என்று சொல்வதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. இரண்டாம் முறை எதிர்த்திசையில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெல்ட்டில் உள்ள இரும்புக் கொக்கி அலையைக் குழப்பும், கழற்றிவிட்டுப் பாருங்கள்.

"நம்ம ஊர் நாய்க்குச் சிப் எங்கே?" என்று தோன்றலாம். சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளுக்குக் கல்யாணம், படைப்பு, பொங்கல் என்று சென்னையிலிருந்து குடும்பத்தோடு நாயும் வருகிறது. புது இடம், வேட்டுச் சத்தம், திறந்து கிடக்கும் பின்வாசல் மூன்றும் சேர்ந்தால் ஓடிவிடும். விசேஷ நாட்களில் கிடைக்கும் உடலுக்குக் கட்டாயம் சிப் பாருங்கள்.

ஆடு மாடு என்றால் காதில் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை, 12 இலக்கம். அதை வைத்துக் கால்நடை மருந்தகத்தில் உரிமையாளர் பெயரை எடுத்துவிடலாம். வில்லையை மட்டும் அறுத்து எடுக்காதீர்கள். வில்லை காதோடு இருந்தால்தான் காப்பீட்டுத் தொகை கிடைக்கும். மருத்துவர் வந்து பார்க்கும்வரை உடலை அப்புறப்படுத்தவும் கூடாது. ஒரு குடும்பத்தின் வருமானமே அந்த மாடாக இருக்கலாம்.

தூக்குவதும் வைத்திருப்பதும்

தேவையானவை எல்லாம் வீட்டில் இருப்பவைதான்: உரச்சாக்கு இரண்டு, பழைய வேட்டி அல்லது போர்வை, நியூஸ்பேப்பர், கையுறை, இரண்டு லிட்டர் தண்ணீர், சோப்பு. அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் டிக்கியில் ஒரு பையாக வைத்துவிடலாம்.

வேட்டியை உடலின் முதுகுப்பக்கம் விரித்து, அதன் மேல் உடலை இழுத்து ஏற்றுங்கள். காலைப் பிடித்துத் தூக்கினால் வயிற்றில் உள்ளது வாய் வழியாகக் கொட்டும், உடைந்த எலும்பு தோலைக் கிழிக்கும். வாய்க்கும் பின்பக்கத்துக்கும் அடியில் நியூஸ்பேப்பரை மடித்து வையுங்கள். உடல் இன்னும் விறைக்கவில்லை என்றால், கால்களை வயிற்றோடு மடக்கி, தூங்குவது போல வளைத்துக் கிடத்துங்கள். கண் மூடாது, இமைமேல் ஈரத்துணி போட்டால் போதும். வீட்டார் பார்க்கும்போது இந்த ஒரு காரியம் எவ்வளவு ஆறுதல் தரும் என்பதைச் சொல்லி முடியாது. குழியும் சிறிதாகும். விறைத்துவிட்டால் வலிந்து மடக்காதீர்கள், எலும்பு முறியும்.

உரியவர் வரும்வரை வைத்திருக்க வேண்டுமானால் கோடையில் நிழலில் நாலைந்து மணி நேரம்தான் தாங்கும். முதலில் உப்புவது வயிறு. மீன் கடையில் கேட்டால் ஐஸும் பழைய தெர்மாகோல் பெட்டியும் கிடைக்கும். ஐஸைக் கவரில் கட்டி வயிற்றின் மேலும் இரு பக்கமும் வைத்தால் ஒரு நாள் வரை தள்ளலாம். ஐஸை நேரடியாகக் கொட்டினால் உருகிய நீரில் உடல் ஊறி இன்னும் சீக்கிரம் கெடும். பிரேதப் பரிசோதனை தேவைப்படலாம் என்றால் உறைய வைக்கக் கூடாது. உறைந்தால் தசை சிதைந்து பரிசோதனை கடினமாகும். பெட்டியை நாய் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வீட்டைத் தேடுவது

செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பு தெரியாமல் தேடினால் பாதி வேலை வீணாகும். வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டிருக்கும். நாய் பின்கட்டு வழியாக வெளியேறி அடுத்த தெருவில் அடிபட்டிருக்கும். அந்தத் தெருவில் விசாரித்தால் "எங்க தெரு நாய் இல்லையே" என்பார்கள். அதனால் இரண்டு பக்கத்துத் தெருவிலும் கேளுங்கள். வருஷத்தில் பெரும்பகுதி பூட்டியிருக்கும் வீட்டுக்கும் ஒரு வாட்ச்மேன் இருப்பார், அவருக்கு ஒரு நாய் இருக்கும். விடிகாலையில் எல்லா வாசலையும் பார்க்கிறவர் பால்காரர். அவருக்கு அடுத்து பேப்பர் போடும் பையன், டீக்கடை, கோவில் வாசல் பூக்கடை. நாய்களைப் பெயரோடு தெரிந்தவர் தூய்மைப் பணியாளர்.

பூனை பெரும்பாலும் தன் வீட்டிலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும்; சுற்றியுள்ள முப்பது நாற்பது வீட்டுக்குள் விடை கிடைக்கும். நாய் அப்படியில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகச் சிங்கம்புணரி, நத்தம் என்று பழனி நோக்கிப் போகும் பாதயாத்திரைக் கூட்டத்தின் பின்னால் நாய்கள் பல மைல் நடந்துவிடும். அந்த நாட்களில் வழியில் கிடைக்கும் நாயின் வீடு பின்னால் இரண்டு மூன்று ஊர் தள்ளி இருக்கலாம். தீபாவளியும் அப்படித்தான். வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கிராமங்களில் பறவைகளுக்காக வெடி வெடிப்பதில்லை. மற்ற ஊர்களில் வேட்டுக்குப் பயந்து ஓடிய நாய் மறுநாள் எங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

வாட்ஸ்அப்பில் போடுவதாக இருந்தால் உடலின் படத்தைப் போடாதீர்கள். வீட்டுக் குழந்தை முதலில் பார்த்துவிடும். ஊர், சாலை, நேரம், நிறம், ஆணா பெட்டையா, பெல்ட்டின் நிறம் மட்டும் எழுதுங்கள். ஒரு அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். "வால் நுனி என்ன நிறம்ங்க?" என்று கேட்டுச் சரியாகச் சொன்னால் அவர்களுடையதுதான். தவறான வீட்டுக்கு மரணச் செய்தி சொல்லிவிடாமல் இருக்க இதுவே வழி.

எப்படிச் சொல்வது

நேரில் போனால் பெரியவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பிள்ளையிடம் சொல்லி அனுப்பாதீர்கள். போன் என்றால் முதலில் வண்டி ஓட்டுகிறார்களா என்று கேளுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம், "அடிபட்டுக் கிடக்கு" என்று அரைகுறையாகவும் சொல்ல வேண்டாம். உயிரோடு இருக்கும் என்று நம்பி ஓடி வருவார்கள். இப்படிச் சொன்னால் போதும்:

"அண்ணே வணக்கம். ஒங்க வீட்ல செவலை நாய் வளக்குறீங்களா? மனச திடப்படுத்திக்கிங்க. கோட்டையூர் ரோட்டுல வண்டில அடிபட்டு இறந்து கெடந்துச்சு. பத்திரமா எடுத்து நெழல்ல வச்சிருக்கேன். நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."

வயதான ஆச்சி ஒருவர் மட்டும் வீட்டில் இருந்தால், பக்கத்து வீட்டில் ஒருவரை உடன் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். "வலி இல்லாம உடனே போயிருச்சு" என்று தெரியாததைச் சொல்ல வேண்டாம். நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "ஏன் அவுத்து விட்டீங்க?" என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. அதை அவர்களே ஆயிரம் முறை கேட்டுக்கொள்வார்கள்.

அடக்கம்

இடம் பார்ப்பதுதான் முக்கியம். இந்த ஊர்கள் தெருவில் ஓடும் மழைநீர் ஊருணிக்குப் போய்ச் சேரும்படி அமைந்தவை. ஊருணிக் கரை, கண்மாய் உள்வாய், வரத்துக்கால் ஓரம் எதிலும் புதைக்கக் கூடாது. கிணறு, போர்வெல் இவற்றிலிருந்து நூறு அடியாவது தள்ளி இருக்கட்டும். ஐப்பசி கார்த்திகையில் மூன்று அடியிலேயே நீர் ஊறினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சாலைப் புறம்போக்கு வேண்டாம். கேபிளுக்கும் குழாய்க்கும் அடுத்த மாதமே தோண்டுவார்கள். சொந்த இடம், அல்லது உரியவர் அனுமதி தந்த தோட்டம்.

செம்மண் ஓரடி ஒன்றரையடி சுலபமாக வரும், அதற்குக் கீழே கெட்டியான செம்புராங்கல் பாறை தட்டினால் மம்பட்டி ஏறாது. கடப்பாரை வேண்டும். நேரம் இருந்தால் ஓரடி தோண்டி, நாலு குடம் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊற விட்டால் காலையில் வேலை பாதியாகும். 20 கிலோ நாய்க்கு மூன்றடி நீளம், இரண்டடி அகலம், நாலடி ஆழம். பூனைக்கு ஒன்றரையடிக்கு ஒன்றரையடி, ஆழம் மூன்றடி. உடலுக்கு மேல் இரண்டரை அடி மண்ணாவது நிற்க வேண்டும் என்பதே அளவின் அடிப்படை. அதற்குக் குறைந்தால் நாய்களும் நரியும் மூன்றாம் நாளே தோண்டிவிடும். மாட்டுக்கு ஜேசிபி இல்லாமல் ஆகாது, ஏழெட்டு அடி.

சாக்கு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் அகற்றிவிட்டுப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக்கோடு புதைத்தால் காற்றும் மண்ணும் படாமல் வருஷக்கணக்கில் அழுகிக் கிடக்கும். மூட்டை மூட்டையாகக் கல் உப்புப் போடும் வழக்கம் உண்டு. உப்பு கருவாட்டைக் காப்பது போல உடலையும் காக்கும், மண்ணையும் கெடுக்கும், தவிர்க்கலாம். சுண்ணாம்பு உடலைச் சீக்கிரம் கரைக்கும் என்பதும் சரியில்லை, வாடையைத்தான் குறைக்கும். வேண்டுமென்றால் முதல் அரையடி மண் போட்ட பிறகு மெல்லிய அடுக்காகத் தூவுங்கள். மண்ணை அரையடிக்கு ஒரு முறை மிதித்து இறுக்கி, மேலே ஓரடி மேடாக விடுங்கள். மழைக்குப் பிறகு அது சமமாகும். மேட்டின் மேல் சீமைக்கருவேல முள்ளைப் பரப்பி, நாலு கல்லை ஏற்றிவிட்டால் எந்த நாயும் கிட்டே வராது. ஒரு மாதம் கழித்து முள்ளை எடுத்துவிட்டுச் செடி வைக்கலாம்.

டயரும் பெட்ரோலும் போட்டு எரிப்பது வேண்டாம். தோல் கருகும், உள்ளே வேகாது. மிச்சத்தை நாய் இழுத்துப் போகும்.

நீங்களே புதைக்க முடியாவிட்டால்

காரைக்குடி 2024 முதல் மாநகராட்சி, தேவகோட்டை நகராட்சி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் பேரூராட்சிகள், மற்றவை பெரும்பாலும் ஊராட்சிகள். மாநகராட்சி, நகராட்சியில் சுகாதார ஆய்வாளரிடமும், பேரூராட்சியில் செயல் அலுவலரிடமும், ஊராட்சியில் ஊராட்சிச் செயலரிடமும் சொல்ல வேண்டும். எந்தச் சாலை, எந்தக் கடை எதிரே, என்ன பிராணி, ஏறத்தாழ எத்தனை கிலோ என்று சொன்னால் ஆள் எத்தனை, என்ன வண்டி என்று அவர்களே முடிவு செய்வார்கள். யாரும் வராவிட்டால் முதல்வரின் உதவி மையம் 1100. எடுத்துப் போகும் முன் பெல்ட்டைக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே புதைக்கப் போகிறார்கள் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வந்த பணியாளருக்குக் கையுறை இல்லையென்றால் உங்களுடையதைக் கொடுங்கள். அவருக்கும் அதே எச்சில், அதே கிருமி.

இடித்தவர் நீங்களே என்றால்

ஓடிவிடாதீர்கள். தெரியாமல் நடந்த விபத்து வேறு, வேண்டுமென்றே கொல்வது வேறு. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிப்பது, கெடுதல் செய்யும் நோக்கத்தோடு விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது ஆகியவற்றுக்கு. ஊரார் கூடி அடிப்பார்களோ என்ற பயம் இருந்தால் நேராக அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். மாடு, ஆடு என்றால் உங்கள் வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் சொத்துச் சேதமாக இழப்பீடு கோர வழி உண்டு. அதற்கும் காவல் நிலையப் பதிவு வேண்டும். வேறு யாரோ வேண்டுமென்றே ஏற்றியதை நீங்கள் பார்த்திருந்தால் வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதி வைத்து, பக்கத்துக் கடைகளின் கேமரா பதிவு அழியும் முன் கேட்டு வாங்குங்கள். அரசு கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் வழக்கு நிற்பது கடினம். அப்படிப்பட்ட உடலைப் புதைக்க அவசரப்படக் கூடாது.

கழுவுவது

ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடர், ஏறக்குறைய இரண்டு குவித்த மேசைக்கரண்டி. ரத்தம் பட்ட டிக்கி, செருப்பு, கடப்பாரை இவற்றை முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டு, இதை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். அழுக்கோடு ஊற்றினால் பவுடர் அழுக்கிலேயே செலவாகிவிடும். பாத்ரூம் ஆசிடோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு கிளம்பும். வீட்டில் தடுப்பூசி போடாத நாய்க்குட்டி இருந்தால் அன்று போட்ட செருப்பை வாசலுக்கு வெளியே விடுங்கள். நாய்க்குட்டிகளுக்கு ஆபத்தான பார்வோ கிருமி மாதக்கணக்கில் மண்ணில் உயிரோடிருக்கும். டெட்டால் போன்றவற்றுக்கு அசையாது, குளோரினுக்குத்தான் சாகும். குளித்து, உடையைத் தனியாக ஊற வைத்து, காதின் பின்னாலும் அக்குளிலும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

யாரும் வரவில்லை என்றால்

பெல்ட்டைக் கழுவிக் காயவைத்து ஒரு கவரில் போடுங்கள். அதிலேயே ஒரு தாளில் தேதி, நேரம், இடம், பிராணியின் அடையாளங்கள், எங்கே புதைத்தது, உங்கள் போன் நம்பர். அந்தத் தாளின் நகல் ஒன்றை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கொடுத்துவையுங்கள். நாயைக் காணோம் என்று தேடுபவர் என்றாவது ஒரு நாள் அங்கே கேட்பார். படங்களைப் போனிலிருந்து அழிக்காமல் குறைந்தது ஆறு மாதம் வைத்திருங்கள். வெளிநாட்டிலிருந்தோ சென்னையிலிருந்தோ அடுத்த திருவிழாவுக்கு வரும்போதுதான் சில வீடுகளுக்குத் தங்கள் நாய் இல்லாதது தெரியவரும். தேடிக்கொண்டு வருகிறவரிடம் அந்தக் கவரைக் கொடுத்து, முள் போட்ட இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.